ஊருணியைத் தோண்டும் முன் வரத்துக்காலைப் பாருங்கள்

செட்டிநாட்டில் ஊருணி தூர்வார ஆள் சேர்ப்பது பெரிய காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர், ஒரு ஜேசிபி, பொங்கலும் டீயும். மாலைக்குள் போட்டோவுக்கு அழகான பள்ளம் தயார். ஐப்பசியில் அது பாதிகூட நிறையாது. கோளாறு பெரும்பாலும் ஊருணிக்குள் இல்லை, மழைநீரை அதற்குக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலில்.

ஒரு ஏக்கர் ஊருணியை ஓர் அடி ஆழப்படுத்த 435 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண் அள்ள வேண்டும். கிடைக்கும் கூடுதல் கொள்ளளவு சுமார் 12 லட்சம் லிட்டர். பத்து ஏக்கர் மேட்டில் 50 மி.மீ. மழை பெய்து, அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவந்தாலே ஆறேழு லட்சம் லிட்டர் வந்துவிடும். அதற்கு வழி திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆடி, ஆவணியில் வேலையை ஆரம்பியுங்கள். கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் (ஒவ்வொரு புல எண்ணுக்கும் உள்ள அளவுப் படம்) கையில் வைத்துக்கொண்டு ஊருணியிலிருந்து மேட்டை நோக்கி நடந்து, அடைப்பு ஒவ்வொன்றையும் குறியுங்கள். 100 ஏக்கருக்குக் குறையாத ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத்துறை வசம். சின்னவை ஊராட்சி ஒன்றியத்தின் வசம். எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு சட்டி மண்கூட வெளியே போகக் கூடாது. மண் கடத்தல் என்று ஒரு புகார் வந்தால், அடுத்த வாரம் ஆள் வராது.

வாய்க்காலின் மட்டம் பார்க்கக் கொத்தனாரின் டியூப் லெவல் போதும்: 15 மீட்டர் நீளத்தில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், நிறையத் தண்ணீர். நடக்கும்போது இரு முனையையும் கட்டைவிரலால் மூடுங்கள்; அளக்கும்போது இரண்டையும் திறக்க வேண்டும். ஒன்றை மூடியே வைத்தாலும், உள்ளே காற்றுக்குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். 100 மீட்டருக்கு 10 செ.மீ. சரிவு தாராளம். அதிகம் சரித்தால் கரை அரித்து, அந்த மண்ணெல்லாம் ஊருணிக்கே வந்து சேரும்.

அதிகம் சிக்கல் தருவது ரோட்டடிக் குழாய். ரோட்டை உயர்த்திப் போடும்போது குழாயையும் வாய்க்கால் தரைக்கு அரை அடி மேலே பதித்துவிடுவார்கள். அது அப்படியே இருக்கும்வரை வாய்க்காலை எத்தனை முறை வெட்டினாலும் தண்ணீர் அங்கே தேங்கித்தான் நிற்கும். குழாயை இறக்கிப் பதிப்பது தன்னார்வலர் வேலை இல்லை. அளவுகளைக் குறித்து மனு எழுதி, படத்தை இணைத்துக் கொடுங்கள். வழியில் வீட்டுக் கழிவுநீர் கலந்தால் அதைத் திருப்பிய பிறகே வாய்க்காலைத் திறக்க வேண்டும்.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டுவது வீண். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் மொட்டுகள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். சுற்றிலும் ஒன்றரை அடி தோண்டி, கழுத்தோடு பெயர்த்தெடுங்கள். கரையில் நிற்கும் பெரிய மரத்தை மட்டும் பிடுங்காதீர்கள், கரையே பிளந்துவிடும். அதை வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க ஒடித்துவர வேண்டும்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் தூர்வாருதல். ஊருணியில் தண்ணீர் நிற்பதே அடியிலுள்ள களிமண்ணால். அதைக் கிழித்து, நுண்துளை நிறைந்த செம்பூரான் கல்லைத் தொட்டுவிட்டால் எவ்வளவு மழை வந்தாலும் கீழே இறங்கிவிடும். அரை அடிக்கு ஒருமுறை ஜேசிபியை நிறுத்தி, ஒரு பிடி மண்ணை நனைத்துப் பென்சில் கனத்துக்குத் திரியுங்கள். வளைத்தால் விரிசல் விடாமல் மோதிரம்போல நின்றால் அது களி, அத்தோடு நிறுத்துங்கள். மணல் கலந்து உதிர்ந்தால் இன்னும் வண்டல்தான், அள்ளலாம்.

நீர் உள்ளே நுழையும் வாய்க்கு முன்னால் 2 மீட்டர் நீள அகலம், 1 மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் குழி வெட்டுங்கள். மணலும் பிளாஸ்டிக்கும் அதில் தங்கிவிடும். ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் இரண்டு பேர் ஒரு மணி நேரம் அள்ளினால் போதும். விட்டால் ஒரே பருவத்தில் தூர்ந்துவிடும்.

மார்கழியில் ஈரம் காயும் முன் ஒரு சுற்று போங்கள். ஆட்டுப் புழுக்கையில் வந்த கருவேல விதைகள் விரல் உயரத்துக்கு முளைத்திருக்கும். அப்போது இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம், சித்திரையில் கடப்பாரை வேண்டும்.