ஏரிக்கரைப் பிள்ளைகள்: சூலூர்பேட்டை நாட்குறிப்பு

8 டிசம்பர் 2024, ஞாயிறு

மழை விட்டதும் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்துக்குக் கிளம்பிவிட்டோம். நெல்லூர் பஸ்ஸில் ஏறி தொரவாரிசத்திரத்தில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ கிடைக்கிறது. காலை எட்டு மணிக்கு ஏரிக்கரைப் பார்வைக் கோபுரத்தில் ஏறியபோது எங்களைத் தவிர யாரும் இல்லை.

தண்ணீருக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்கள் முழுக்கக் கூழைக்கடாக்கள் (பெலிகன்). மாதக்கணக்கில் வெள்ளத்தில் நின்றாலும் அழுகாத மரம் அது. அதனால்தான் நரியும் பூனையும் எட்ட முடியாத இடத்தில் கூடு கட்டப் பறவைகளுக்கு வாய்க்கிறது. சில கூடுகளில் குஞ்சுகள் பொரித்திருந்தன. தாய்ப்பறவை அலகைத் திறந்ததும் குஞ்சு தலையை அதன் தொண்டைப் பைக்குள் நுழைக்கிறது. கழுத்து வரை உள்ளே போய்விடுகிறது. "அம்மா, குஞ்சை விழுங்குகிறது!" என்று சின்னவன் அலறினான். கொஞ்ச நேரத்தில் தலை வெளியே வந்தது, அலகு நுனியில் மீன் வாலோடு. பிறகு அவனை அந்தக் கூட்டிலிருந்து நகர்த்தவே முடியவில்லை. அந்த மீன் பெரும்பாலும் பழவேற்காடு ஏரியிலிருந்து வருவது. தாய்ப்பறவை அவ்வளவு தூரம் பறந்து போய் வயிற்றில் நிரப்பிக்கொண்டு திரும்புகிறது என்று பெரியவள் தம்பிக்கு விளக்கினாள்.

பத்து மணிக்கு மேல் வெளியூர்க் கார்கள் வரத் தொடங்கின. பறவை, அருவி, கோயில் என ஒரே நாளில் மூன்று இடங்களைப் பார்த்துவிடுவது என்ற கணக்கு அவர்களுக்கு. கோபுரத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு உடனே இறங்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். முதலில் அரை மணி நேரம் சலித்துக்கொள்வார்கள், அதைத் தாண்டிவிட்டால்தான் பார்க்கவே ஆரம்பிப்பார்கள். புளிசாதமும் வேர்க்கடலைத் துவையலும் கொண்டுபோயிருந்தோம். மதியம் வரை அங்கேயே இருந்தோம்.

22 டிசம்பர் 2024, ஞாயிறு

புறநகர் ரயிலில் பழவேற்காடு. சூலூர்பேட்டையில் ஏறினால் அக்கம்பேட்டை, தடா. அதற்கடுத்த ஆரம்பாக்கத்தில் தமிழ்நாடு வந்துவிடுகிறது. பெரியவள் பள்ளியில் படிப்பது தெலுங்கு. தமிழ் எழுத்தை வீட்டில் அவள் ஆயாதான் சொல்லிக்கொடுத்தார். எளாவூர், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் அவள் உரக்கப் படிக்க, எதிரே இருந்த மீன்கார அம்மாள் "நன்றாகப் படிக்கிறாயே" என்று சொல்லி, கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகளோடு போகும்போது பயணமும் ஊர் பார்ப்பதில் சேர்த்திதான். காரில் போயிருந்தால் இது நடந்திருக்காது.

பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடித்தோம். பழவேற்காட்டுக்கு டச்சுக்காரர்கள் வந்தது 1609இல். 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று பிள்ளைகளுக்குக் காட்ட அதிகம் இல்லை. கல்லறைத் தோட்டம் அப்படியல்ல. நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. சின்னவன் பயப்படுவான் என்று நினைத்தேன். அவன் கிட்டப் போய் விலா எலும்புகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். உள்ளே நானூறு ஆண்டுகளை நெருங்கும் கல்லறைப் பலகைகளில் கப்பலும் பூவும் எழுத்தும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. கடல் கடந்து வந்து இங்கே இறந்துபோனவர்களில் குழந்தைகளும் இருந்தார்களா என்று பெரியவள் கேட்டாள். இருந்திருப்பார்கள் என்றேன். அதன் பிறகு அவள் பலகைகளை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தாள்.

கரையில் ஒருவர் படகுச் சவாரிக்குக் கூப்பிட்டார். மறுத்துவிட்டேன். பிள்ளைகள் முகம் சுருங்கியது, ஆனாலும் இதில் நான் இளகுவதாக இல்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உல்லாசமாக வந்த குடும்பங்கள் அவை. உயிர்காப்பு உடை இல்லாத படகில் குழந்தையை ஏற்றாதீர்கள். ஏரி ஆழமில்லை என்று யார் சொன்னாலும் ஏற்றாதீர்கள்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

போகிக்கு முந்தைய நாள். விடிந்தும் விடியாததுமாக ஸ்ரீஹரிகோட்டா சாலைக்குப் போனோம். இருபுறமும் பழவேற்காடு ஏரி, நடுவில் சாலை. அடுத்த தெரு ஆசிரியர் ஒருவர் தொலைநோக்கி கொடுத்திருந்தார்.

பூநாரைகள் (ஃபிளமிங்கோ) தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தன. தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் கதையே வேறு. தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே இருக்கும்படி தண்ணீரில் அமிழ்த்தி, சேற்றை வாங்கி அலசி வெளியே தள்ளுகின்றன. சில, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்து வட்டமாகச் சுற்றுகின்றன. அடியில் இருப்பதைக் கிளப்பத்தான். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் இருந்தவற்றைச் சின்னவன் வேறு ஏதோ பறவை என்றான். இல்லை, அவை இளம் பறவைகள். பாசியும் நுண்ணிய இறாலும் தின்னத் தின்ன, அந்த இரையில் உள்ள நிறமிதான் சில ஆண்டுகளில் சிறகுக்கு ரோஜா நிறத்தைக் கொடுக்கிறது.

யாரோ கிட்டத்தில் படம் எடுக்கச் சேற்றில் இறங்கினார்கள். கூட்டம் முழுவதும் எழும்பி அரை கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்தது. சாலையிலேயே நில்லுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். பறவைகள் தாமாகவே நகர்ந்து கிட்டே வரும். எங்களுக்கு வந்தன.

19 ஜனவரி 2025, ஞாயிறு

பூநாரைத் திருவிழா. ஊர் கொள்ளாத கூட்டம், மேடை, பாட்டு. பிள்ளைகளுக்குப் பஞ்சுமிட்டாய் கிடைத்தது. ஏரிப் பக்கம் போகவில்லை.

29 ஜனவரி 2025, புதன்

பள்ளிக்கு முன்பே முடிந்த சுற்றுலா இது. காலை 6.23க்கு ஜி.எஸ்.எல்.வி-எஃப்15, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் 100ஆவது ராக்கெட். ஏவுதலுக்கு முன் இஸ்ரோ அதிகாரிகள் எங்கள் ஊர் செங்காளம்மன் கோயிலுக்கு வந்து கும்பிட்டுப் போவது வழக்கம். அத்தையும் நேற்று மாலை போய்விட்டு வந்து பிள்ளைகள் நெற்றியில் குங்குமம் வைத்தார்.

ஊருக்குக் கிழக்கே வெட்டவெளியில் நின்றோம். முதலில் தொடுவானத்தில் ஓர் ஆரஞ்சு வெளிச்சம். சத்தமே இல்லை. "எண்ணு" என்றேன் பெரியவளிடம். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி ஆகும் என்று முந்தைய இரவே சொல்லி வைத்திருந்தேன். ராக்கெட் நன்றாக மேலே ஏறிவிட்டது. அவள் அறுபதைத் தாண்டினாள். அதன் பிறகுதான் இடி உருளுவது போன்ற முழக்கம் வந்து நெஞ்சில் அதிர்ந்தது. மூன்றால் வகுத்து, "இருபது கிலோமீட்டருக்கும் மேலே, அம்மா!" என்று குதித்தாள். புகைத்தடத்தின் மேல் நுனியில் மட்டும் வெயில் பட்டுச் சிவந்திருந்தது.

3 பிப்ரவரி 2025, திங்கள்

அந்த ராக்கெட் சுமந்துபோன என்.வி.எஸ்-02 செயற்கைக்கோளில் ஒரு வால்வு திறக்கவில்லை, சுற்றுப்பாதையை உயர்த்த முடியவில்லை என்று செய்தி. ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது என்றாலும் சின்னவனுக்கு அழுகை வந்துவிட்டது. மாமா அவனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: இந்த நூறில் முதலாவது, எஸ்.எல்.வி-3, 1979 ஆகஸ்ட் 10 அன்று கிளம்பி வங்கக் கடலில் விழுந்தது. அப்துல் கலாம்தான் திட்ட இயக்குநர். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது. ஏவுதளத்துக்கு இவ்வளவு அருகில் வளரும் பிள்ளைகளுக்கு அந்த முதல் ராக்கெட் விழுந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

23 மார்ச் 2025, ஞாயிறு

கோடைக்கான ஒரு வேளைப் பள்ளி தொடங்கிவிட்டது. வெயில் ஏறுகிறது. இன்று எங்கும் போகவில்லை, ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன். நாங்கள் போகிற பல இடங்களில் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, அல்லது தண்ணீர் இல்லை. பத்து வயதுப் பெண் குழந்தை வெளியே போனால் தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகுகிறாள். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் இதை ஒவ்வொரு முறையும் வாய் திறந்து கேட்கிறேன். மற்ற அம்மாக்களும் கேளுங்கள்.

11 மே 2025, ஞாயிறு

ஐந்து மணிக்கே கிளம்பி மறுபடியும் அதே ஸ்ரீஹரிகோட்டா சாலை. ஜனவரியில் பூநாரை நின்ற இடம் இப்போது பாலைவனம். கண்ணுக்கெட்டிய தூரம் வெளுத்துக் கிடக்கிறது. உப்புப் பொருக்கு காலடியில் அப்பளம் போல் நொறுங்குகிறது. பெரியவள் குச்சியால் கிளறினாள். ஒரு விரற்கடைக்குக் கீழே கரிய ஈரச்சேறு, அழுகல் வாடை, நெல்மணி அளவு சிப்பிகள். கரையோரம் உமரிச்செடி சிவந்து படர்ந்திருந்தது. கிள்ளி வாயில் போட்டால் உப்பு. சேற்றிலும் உயிர் இருக்கிறது, செடியிலும் இருக்கிறது. வறண்டுவிட்டது என்று சொல்லிக் கடந்து போகிற நிலம் இல்லை இது.

ஏழரைக்கெல்லாம் தூரத்தில் தண்ணீர் தளும்பியது. "ஏரி வந்துவிட்டது!" என்றான் சின்னவன். கானல். தரையை ஒட்டிய காற்று சூடாகி ஒளியை வளைக்கிறது என்று அக்கா சொல்லியும் அவன் நம்பவில்லை. அவனோடு கொஞ்ச தூரம் நடந்தோம், அது விலகிக்கொண்டே போனது. பிறகு நம்பினான்.

தரை தட்டிய படகு நிழலில் ஒரு மீனவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். ஏரிக்கு ஆழம் குறைவு, வெயில் குடித்துவிடுகிறது. முகத்துவாரத்தை மணல் மூடினால் கடல்நீரும் உள்ளே வராது என்றார். இந்த மாதங்களில் அவருடைய மகன்கள் ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறார்களாம். மீன்கள் எங்கே போயின என்று சின்னவன் கேட்டான். பாதி கடலுக்கு, பாதி பறவை வயிற்றுக்கு, மிச்சம் எங்கள் வலைக்கு என்றார். கூழைக்கடாக் குஞ்சு தின்றதை இவன் அவருக்கு நடித்தே காட்டினான்.

கோடையில் இங்கே வருகிறவர்களுக்கு: எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள். சிப்பி கிழிக்கும், செருப்பைக் கழற்ற விடாதீர்கள். வெள்ளையான இடத்தில் மட்டும் நடங்கள், கறுத்த இடம் காலை உள்ளே இழுக்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில் வேண்டும்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையோரம் நுங்கு வாங்கினோம். தீபாவளி கழித்து வந்தால் தண்ணீர் சாலை வரைக்கும் நிற்கும், நண்டு பிடிப்பதைக் காட்டுகிறேன் என்று அந்த மீனவர் சொல்லியிருக்கிறார். அதுவரை மாலையில் காளங்கி ஆற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வருவதோடு சரி. இந்த வெயிலில் பிள்ளைகளை வேறெங்கும் கூட்டிப்போவதாக இல்லை.