குப்பையின் மேல் யாருக்கு உரிமை?

சென்னை கொடுங்கையூர் குப்பைக் கிடங்கைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் துர்நாற்றமும் புகையும் கெட்டுப்போன நிலத்தடி நீரும்தான் முன்னால் வந்து நிற்கின்றன; கோணியும் கொக்கியுமாக அந்த மேட்டில் ஏறி, தகரத்தையும் பால் கவரையும் பிரித்தெடுத்துப் பிழைக்கும் மனிதர்களைப் பற்றிய பேச்சு கடைசி வரியில்கூட வருவதில்லை. கிடங்கு மூடப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே பிழைத்தவர்களுக்கு மறுநாள் சோறு எங்கிருந்து வரும் என்பதும் கிடங்கை மூடும் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

எங்கள் தெருவுக்கு விடியற்காலையில் வரும் ஒரு அம்மாவின் வேலையை நின்று கவனித்திருக்கிறேன். கட்டிய பையை அவிழ்க்கும் முன் மேலாக அழுத்திப் பார்க்கிறார். உள்ளே கண்ணாடி இருந்தால் கைக்குத் தெரிந்துவிடுமாம். பிளாஸ்டிக்கைக் கசக்கி, எழும் சத்தத்தை வைத்தே எது விலைபோகும் என்று பிரிக்கிறார். கையுறை வாங்கித் தரவா என்று கேட்டேன். "அத மாட்டிக்கினா கைக்கு ஒண்ணும் தெரியாதும்மா, வேல ஓடாது" என்றார். ஊசி குத்தினாலும் நாய் கடித்தாலும் மருத்துவமனைக்குப் போகும் நாளில் வருமானம் இல்லை. மழை பெய்தால் அட்டை நனைந்துவிடும். காயலான் கடையில் அதற்கு எடையைக் கழிப்பார்கள். அவசரத்துக்கு முன்பணம் வாங்கியதும் அதே கடையில்தான் என்பதால், வேறு கடைக்குப் போகவும் வழியில்லை.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இப்படிக் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களை அங்கீகரித்து, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் பணியில் சேர்த்துக்கொள்ளும்படி உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சொல்லின. நடைமுறையில் அந்தப் பணி பல நகரங்களில் தனியார் ஒப்பந்தமாகிவிட்டது. அள்ளும் குப்பைக்கு டன்னுக்கு இவ்வளவு என்று பணம் பெறும் ஒப்பந்ததாரருக்கு, வெளியே பொறுக்கி எடுக்கப்படும் ஒவ்வொரு கிலோவும் நஷ்டம். எனவே, நேற்றுவரை தெருத்தொட்டியை நம்பியிருந்தவர் இன்று குப்பையைத் தொட்டாலே விரட்டப்படுகிறார்.

புனேயில் நடந்தது வேறு. 1993இல் அங்கே குப்பை பொறுக்குவோர் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து' என்ற சங்கமாகத் திரண்டனர். பெரும்பாலோர் தலித் பெண்கள். திருட்டுப் பட்டம் கட்டி மிரட்டுபவர்களிடம் எடுத்துக் காட்ட அவர்களுக்கு ஓர் அடையாள அட்டை தேவைப்பட்டது. அதை மாநகராட்சி ஏற்கும்படி செய்தார்கள். 2008இல் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பின் வழியாக வீட்டு வாசலில் தரம் பிரித்த குப்பையை வாங்கத் தொடங்கினர். வீடுகள் தரும் மாதக் கட்டணமும், பொருட்களை விற்று வரும் பணமும் அவர்களுக்கே. பயன்படுத்திய நாப்கினைத் தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டதை, உடல்நலத்தைக் காக்கும் மிக எளிய ஏற்பாடாகவே நான் பார்க்கிறேன்.

இலவசக் கையுறையும் மருத்துவ முகாமும் வேண்டியவைதான். ஆனால் ஊசியும் கண்ணாடியும் கலந்த குப்பையைக் கிளறும் நிலை மாறாதவரை அவற்றால் ஓரளவே பயன் உண்டு. ஆகவே கொடுங்கையூரில் பழைய குப்பையை இயந்திரங்கள் தோண்டிப் பிரித்து அகற்றி முடிப்பதற்குள், அங்கே பொறுக்குபவர்கள் ஒவ்வொருவரையும் கணக்கெடுத்து மாநகராட்சியே அடையாள அட்டை வழங்க வேண்டும். வட்டாரம்தோறும் தரம் பிரிக்கும் கூடங்களை அவர்களின் குழுக்களிடமே ஒப்படைத்து, அதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவும் எழுத வேண்டும்.