கும்மாயச் சட்டி ஆடியபோது

அந்த விடைத்தாளில் குறைக்கப்பட்டது இரண்டு மதிப்பெண்தான் என்றாலும், நான்கு ஆண்டுகளாக எரிமலைப் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஒன்பதாம் வகுப்பில் பாறைக்குழம்பின் வேதியியலை விளக்க நான் எப்போதும் அடுப்படியைத்தான் துணைக்கு அழைப்பேன். ரசம் கொதித்தால் குமிழ்கள் மேலே வந்து சத்தமில்லாமல் உடையும். ஆடி மாதத்தில் செய்யும் கெட்டியான இனிப்புக் களியான கும்மாயத்தைக் கிண்டும்போதோ, அடியில் சேர்ந்த ஆவி வெளியேற வழியில்லாமல் திரண்டு, பொளக்கென்று வெடித்துக் கையில் தெறிக்கும். மணலில் இருக்கும் அதே சிலிக்கா கூடக்கூடப் பாறைக்குழம்பும் இறுகும். சிலிக்கா 50 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் பசால்ட் குழம்பு ரசத்தின் சாதி. ஹவாய்த் தீவுகளில் ஆறாக ஓடுவது அதுதான். 63 விழுக்காட்டைத் தாண்டிய டேசைட்டும் அதற்கு மேற்பட்ட ரையோலைட்டும் கும்மாயத்தின் சாதி. அவற்றில் கரைந்திருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் எளிதில் பிரிந்து போக முடியாது. ஆடி மாதத்தில் கை சுட்டுக்கொண்ட பிள்ளைகள் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள் என்பதால், இந்த உவமை என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

அன்று மணி அடிக்கும் நேரத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், கும்மாயம் வெடிக்கும்போது சட்டியும் ஆடுமே. அப்படின்னா சிலிக்கா கூடுதலா இருக்கிற எரிமலையில நிலநடுக்கமும் பெருசா வருமா?" நான் புத்தகத்தை மூடிக்கொண்டே, "ஆமாம்மா, அப்படித்தான்" என்றேன்.

அது தவறு. பாறை எவ்வளவு பரப்பில் உடைந்து எவ்வளவு தூரம் நழுவியது என்பதே நிலநடுக்கத்தின் அளவை முடிவு செய்கிறது, சிலிக்கா அல்ல. குழம்பு மேலேறப் பாறையைப் பிளக்கும்போது எழும் அதிர்வுகள் பெரும்பாலும் சிறியவை. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1980 மே 18 அன்று ஏற்பட்ட நடுக்கத்தின் அளவு 5.1தான். அதுவும் வெடிப்பின் விளைவு அன்று. உள்ளே நுழைந்த டேசைட் குழம்பு வாரக்கணக்கில் வடக்குச் சரிவை நாளொன்றுக்கு ஒன்றரை மீட்டர் அளவில் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தில் சரிவு பெயர்ந்து விழுந்ததும், மேலிருந்த அழுத்தம் விலகி மலை வெடித்தது. அதாவது, சட்டி ஆடிய பிறகுதான் கும்மாயம் தெறித்தது.

என் பதிலில் பாதி உண்மை இருந்தது என்று பலமுறை என்னையே தேற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் வட்டாரங்களில் இறுகிய குழம்பும் பெரும் நிலநடுக்கங்களும் அருகருகே காணப்படுவது மெய்தானே? ஆனால் நம் வங்கக் கடலுக்கு அப்பால், அந்தமானை ஒட்டியுள்ள பாரன் தீவு அந்த வாதத்தைக் கெடுத்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவில் குலுங்கிய அதே அமிழ்தல் வரிசையில் இருக்கும் அந்த எரிமலை பெரும்பாலும் கக்குவது பசால்ட் வகைக் குழம்பைத்தான்.

அரையாண்டுத் தேர்வில் அவள் என் விடையை அப்படியே எழுதினாள். தாளைத் திருத்திய வேறொரு ஆசிரியை சிவப்பு மையால் அந்த வரியை அடித்திருந்தார். ஆசிரியர் அறைக்கு வந்தவள் அவரிடம் போகாமல் என் மேசை முன் தாளை விரித்து, "நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றாள். திருத்திய ஆசிரியை அடுத்த மேசையில்தான் இருந்தார். "நான் பொதுவாச் சொன்னேன்மா. நீ அதை அப்படியே எழுதியிருக்கக் கூடாது" என்றேன். அவள் தாளை நான்காக மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மணியடிக்கும் நேரத்தில் வாய் தவறுவது எந்த ஆசிரியருக்கும் நேரக்கூடியது. அதற்காக நான் பெரிதாக வருந்தவில்லை. ஆனால் இரண்டாவது பதிலைச் சொன்னபோது எந்த மணியும் அடிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளின் நம்பிக்கையைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னேன் என்று சில நாள் தோன்றுகிறது. அடுத்த மேசைக்காகத்தான் சொன்னேன் என்று பல நாள் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு உவமையை மாற்றி, குலுக்கிய சோடா பாட்டிலைச் சொல்லிப் பார்த்தேன். வாயு வெளியேறுவது புரிந்தது. குழம்பு ஏன் இறுகுகிறது என்பது புரியவில்லை. மறுபடியும் கும்மாயத்துக்கே திரும்பிவிட்டேன். இந்த ஆண்டும் அதைத்தான் சொன்னேன். சட்டி ஆடுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.