தும்பிக்கை எழுத்தும் தங்க நிப்பும்

தாத்தா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய பொருள்களில் என்னிடம் வந்து சேர்ந்தவை இரண்டே: பார்க்கர் 51 ஊற்றுப்பேனை ஒன்றும், வீட்டுச் செலவை எழுதிவைத்த நீல மட்டைக் கொப்பி ஒன்றும். இன்று இலங்கை மலைநாட்டின் ஹட்டனில் எங்கள் வீட்டு அலுமாரியில் பதினொரு பழைய பேனைகள் கிடப்பதற்குப் பேனையைவிட அந்தக் கொப்பிதான் காரணம்.

‘புகையிலை’ என்றும் ‘பிள்ளை’ என்றும் வரும் இடங்களில் தாத்தா பழைய முறைப்படி, லகரத்துக்கும் ளகரத்துக்கும் முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவைப் போட்டு, கையெடுக்காமல் எழுத்தோடு இணைத்துவிடுவார். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்திய பின்பு அச்சிலிருந்து மெல்ல மறைந்துபோன வடிவம் அது. மேலேறி, வளைந்து, கீழிறங்கி, மறுபடியும் திரும்பும் அந்தக் கோடு முழுவதும் ஒரே பருமனில், எங்கும் கீறாமல், மை விடுபடாமல் ஓடியிருப்பதைப் பார்த்த பிறகுதான் நிப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

பழைய பேனைகளைச் சேகரிப்போர் பலரும் தேடி ஓடுவது வளைந்துகொடுக்கும் நிப்பைத்தான். நானும் ஓடினேன். 1920களில் பரவலாக விற்பனையான வாட்டர்மன் 52 ஒன்று கிடைத்தது. கீழ்நோக்கி இழுக்கையில் அழுத்தினால் நிப்பின் நடுப்பிளவின் இருபுறக் கால்களும் விரிந்து கோடு பருக்கும். மேல்நோக்கிப் போகையில் கையைத் தளர்த்தினால் மயிரிழையாக மெலியும். ஆங்கிலச் சாய்வெழுத்துக்கென்றே அமைந்த குணம் அது. அதே நிப்பால் தாத்தாவின் ‘ளை’யை எழுத முயன்றபோது, தாளின் நாரில் ஒரு கால் சிக்கி மை தெறித்தது. தமிழெழுத்து எந்தத் திசைக்கும் திரும்பக்கூடியது. அதற்கு வேண்டியது வளையாத நிப்பும் உருண்ட நுனியுமே என்பது என் முடிவு. வளையும் நிப்பில் மயங்கிய நண்பர்கள் இதை ஏற்பதில்லை.

1941இல் சந்தைக்கு வந்த பார்க்கர் 51இல் நிப் கூட்டுக்குள் ஒளிந்திருந்து நுனியை மட்டும் நீட்டும். 14 கரட் தங்கம் தாளில் உரசினால் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், அதன் முனையில் ஒஸ்மியம், ருத்தேனியம் போன்ற பிளாட்டினக் குடும்பத்து உலோகக் கலவையில் ஒரு சிறு மணியை ஒட்டி, நடுவே பிளந்து, உருட்டித் தீட்டுவார்கள். எழுதும் சுகம் முழுவதும் அந்த மணியில்தான் இருக்கிறது. தாத்தாவின் பேனை முதலில் என் கையில் கரகரத்தது. நகைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு வில்லையால் பார்த்தேன்: மணியின் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து கண்ணாடிபோல் மினுங்கியது. பேனையை உட்புறமாகச் சற்று உருட்டிப் பிடித்ததும் கரகரப்பு நின்றது. தீட்டித் தருகிறேன் என்று ஒருவர் முன்வந்தார், மறுத்துவிட்டேன்.

தாத்தாவின் பேனை 1948க்குப் பின் வந்த வகை ஆதலால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையை அழுத்தினால் இன்றும் மை ஏறுகிறது. பக்கத்திலுள்ள நெம்புகோலை இழுத்து மை நிரப்பும் அதே வயதுப் பேனைகளின் றப்பர்ப் பைகளோ கருகிய அப்பளம்போல் நொறுங்கிவிடுகின்றன.

வாட்டர்மனை நானே கெடுத்தேன். அதன் உடல் எபொனைட் என்னும் கடின றப்பர். காய்ந்த மை கரையட்டுமென்று இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் கருமை போய்ப் பாசி படிந்த பழுப்பு நிறம். அதில் கலந்துள்ள கந்தகத்துக்கு ஈரமும் வெளிச்சமும் ஆகாது என்பதைப் பிறகு அறிந்து என்ன பயன்?

மலைநாட்டுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. கொழும்பில் பாதியளவு மை நிரப்பிய பேனையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நுவரெலியாவுக்கு அருகிலுள்ள நானுஓயாவுக்கு ரயிலேறினால், மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, பேனைக்குள் அடைபட்ட காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முழுக்க நிரப்புங்கள், அல்லது காலியாகக் கொண்டுவாருங்கள். எதுவாயினும் நிப் மேல்நோக்கியே இருக்கட்டும். நான் இழந்த சட்டைகள் இரண்டு.

இப்போது மாதச் செலவை 51ஆல்தான் எழுதுகிறேன். தும்பிக்கை இன்னும் ஒரே இழுப்பில் வரவில்லை. அது ளகரத்தைத் தொடும் இடத்தில் கை தயங்க, அங்கே ஒரு மைப்பொட்டு விழுகிறது.