பாதாம் பொய்யும் நாலு பிஸ்கட்டும்

ஒரே வாரத்தில் என் முன்னால் வந்து உட்கார்ந்த 11 பேரில் 9 பேர், நொறுக்குத்தீனியாகப் பாதாம் சாப்பிடுகிறவர்கள். மீதி இரண்டு பேரில் ஒருவர் பழம் மட்டும்தான் தொடுவாராம், இன்னொருவருக்கு அந்தப் பழக்கமே கிடையாதாம். வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில், ஸ்பீக்கிங் எனும் பேச்சுத் தேர்வுக்கு ஆட்களைத் தயார் செய்வது என் வேலை. மாதிரித் தேர்வு வைத்து, பேசவிட்டு, போனில் ரெக்கார்ட் செய்து, ராத்திரி உட்கார்ந்து திரும்பக் கேட்டு மார்க் போடுவேன். இந்த வேலையில் சில வருஷம் குப்பை கொட்டினால் ஒன்று தெரிந்துபோகும்: வீடு, வேலை, மழை, பாட்டு என்று எதைக் கேட்டாலும் ஓரளவு உண்மையைச் சொல்கிறவர்கள், வாயில் போட்டு மெல்லுவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் கூசாமல் பொய் சொல்கிறார்கள்.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கிங் மொத்தம் 11 முதல் 14 நிமிஷம், மூன்று பகுதி. முதல் பகுதி 4 முதல் 5 நிமிஷம், அதில் நம்மைப் பற்றியே சாதாரணமான கேள்விகள் வரும். என்ன ஸ்நாக்ஸ் பிடிக்கும், சின்ன வயதில் நிறையச் சாப்பிட்டீர்களா, இப்போது எந்த நேரத்தில் சாப்பிடுவீர்கள், அது உடம்புக்கு நல்லதென்று நினைக்கிறீர்களா, இந்த மாதிரி. மார்க் நான்கு விஷயங்களுக்கு, நான்குக்கும் சமமான பங்கு: தடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நல்லொழுக்கத்துக்கு அதில் இடமே கிடையாது. நீங்கள் ஒரு நாளைக்கு எட்டு சாக்லேட் தின்கிறேன் என்று சொன்னால் தேர்வாளர் முகம் சுளிக்க மாட்டார், பாதாம் என்று சொன்னால் தட்டிக்கொடுக்கவும் மாட்டார்.

ஆனால் நம் ஆட்கள் என்னவோ டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரிதான் உட்காருகிறார்கள். இதில் நம் மொழிக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தின்பண்டம் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, ஆனால் அன்றாடம் வாயில் வருவது நொறுக்குத்தீனி. தீனி என்றால் மாட்டுக்கும் கோழிக்கும் போடுவது. சொல்லிலேயே திட்டு இருக்கிறது. "எப்பப் பார்த்தாலும் நொறுக்குத்தீனி" என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவனிடம், நீ என்ன தீனி தின்பாய் என்று முன்பின் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டால், அவன் உள்ளே இருக்கும் பத்து வயசுப் பையன் கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளத்தான் செய்வான். (ஸ்நாக் என்ற ஆங்கிலச் சொல்லும் பெரிய குடும்பத்தில் பிறந்ததல்ல, பழைய டச்சு மொழியில் வெடுக்கென்று கடிப்பது என்ற பொருளிலிருந்து வந்தது. ஆனால் இன்றைக்கு அதில் அந்தக் கடி எதுவும் மிச்சமில்லை.)

பொய் சொல்வது பாவம் என்று சொல்ல வரவில்லை. என் கவலை வேறு. அந்தப் பொய் அவர்களுடைய ஆங்கிலத்தைச் சாப்பிட்டுவிடுகிறது.

ஒரு நர்ஸ் என்னிடம் வந்தார். வெளிநாட்டு வேலைக்கு ஸ்பீக்கிங்கில் 9-க்கு 7 வேண்டும், இரண்டு தடவை முயன்றும் 6.5-ஐத் தாண்டவில்லை. மாதிரித் தேர்வில் ஸ்நாக்ஸ் கேள்வியைக் கேட்டேன். "ஐ ப்ரிஃபர் ஆல்மண்ட்ஸ் அண்ட் வால்நட்ஸ் பிகாஸ் தே ஆர் ரிச் இன் ப்ரோட்டீன் அண்ட்..." அந்த அண்டோடு வண்டி நின்றுவிட்டது. கண் கூரைக்குப் போனது, அடுத்த வரியை யாரோ அங்கே ஒட்டி வைத்திருப்பது போல. நான் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டுத் தமிழில் கேட்டேன்.

"கடைசியா எப்பம்மா பாதாம் சாப்பிட்டீங்க?"

சிரித்துவிட்டார். "பாதாமெல்லாம் எங்க சார். நைட் டியூட்டில மூணு மணிக்கு பிஸ்கட்தான்."

அதற்கப்புறம் பத்து நிமிஷம் அவர் நிறுத்தவே இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு வார்டு அப்படி அமைதியாக இருக்குமாம், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் நாலு கட்டில் தள்ளித் தூங்குகிறவர்கூடப் புரண்டு படுப்பாராம். அதனால் டியூட்டிக்கு வந்ததுமே பாக்கெட்டைப் பிரித்து, டிஷ்யூ பேப்பரில் நாலு பிஸ்கட்டைச் சுற்றி ஓய்வறை மேசையில் வைத்துவிடுவார். நாலுதான், ஐந்தாவது எடுத்தால் தூக்கம் வரும் என்று அவருக்கு ஒரு கணக்கு. சாப்பிடுவதும் நின்றுகொண்டேதான். ஏன் உட்காரக் கூடாது என்று கேட்டேன். "உட்கார்ந்தா பெல் அடிக்கும் சார்" என்றார், ஏதோ இயற்பியல் விதியைச் சொல்வது போல. பாதி பிஸ்கட் வாயில் இருக்கும்போது பெல் அடித்துவிட்டால் மீதிப் பாதி யூனிஃபார்ம் பாக்கெட்டுக்குள் போய்விடும். அப்படிப் போனது பல தடவை மறந்துபோய், துணி துவைக்கும்போது மாவாக வெளியே வருமாம்.

சரி, இதையே இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் தயங்கினார், இதையெல்லாமா சொல்வது என்கிற தயக்கம். அப்புறம் சொன்னார். "ஐ ஆல்வேஸ் ஸ்டாண்ட் அண்ட் ஈட், பிகாஸ் இஃப் ஐ சிட் டவுன், த பெல் வில் ரிங்." எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஒரே மூச்சில் பழக்கத்தைச் சொல்லிவிட்டார், காரணம் சொல்லிவிட்டார், இஃப் போட்டு ஒரு நிபந்தனை வாக்கியம் வைத்துவிட்டார், நடுவில் ஒரு சிரிப்பும் இருக்கிறது. கலப்பு வாக்கியம் எழுதிப் பழகுங்கள் என்று நான் மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தியபோது வராதது, நாலு பிஸ்கட்டில் வந்தது. பாதாமிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரவே வராது, ஏனென்றால் அவர் வாழ்க்கையில் பாதாமுக்கு எதுவும் நடந்ததில்லை.

உடனே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உண்மை சொன்னால்தான் மார்க் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பையன், ஃப்ரிட்ஜில் காய்கறிப் பெட்டிக்கு அடியில் தங்கைக்குத் தெரியாமல் சாக்லேட் ஒளித்து வைப்பதையும், அவள் கண்டுபிடித்து உறையை மட்டும் அப்படியே மடித்து வைத்துவிட்டுப் போனதையும் எவ்வளவு ரசமாகச் சொன்னான் தெரியுமா? எல்லாம் முடிந்ததும் தங்கை என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். "தங்கச்சியே கிடையாது சார்" என்றான். அவனுக்கும் நல்ல மார்க்தான் போட்டேன். தேர்வாளர் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அவன் பொய் அவனே சமைத்தது. பாதாம் பொய் கடன் வாங்கியது, எல்லோரும் ஒரே இடத்தில் வாங்கியது.

அது எங்கே வாங்கியது என்றும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கடையில் நானே நின்றிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு பயிற்சி மையத்தில் தலைப்புவாரியாகப் பதில் தாள்கள் அச்சடித்துக் கொடுப்போம். ஸ்நாக்ஸ் தாளில் சுவையானது என்பதற்கு 'டெலெக்டபிள்' உண்டு, ஏராளம் என்பதற்கு 'ப்ளெதோரா' உண்டு, உடல்நலமே செல்வம் உண்டு. அந்தத் தாளில் இரண்டு வரி நான் எழுதியது. பிள்ளைகள் அதை ஒப்பிப்பதைக் கேட்டால் நடுவில் துணி மாறுவது தெரியும்: 'டெலெக்டபிள்' வரைக்கும் கோட்டு சூட்டு, அடுத்த கேள்விக்குச் சொந்தமாகப் பேச ஆரம்பித்ததும் லுங்கி. தேர்வாளர்களுக்கு இந்தத் துணி மாற்றத்தைப் பிடிக்கத் தெரியும். அதுவும் முதல் பகுதிக் கேள்விகள் சின்னவை, இரண்டு மூன்று வாக்கியம் சொன்னால் போதும், உடனே "வை?", அதாவது ஏன், என்று அடுத்தது வரும். தாளில் அந்த 'வை'க்குப் பதில் இருக்காது.

இலக்கணத்தில் இந்தத் தலைப்பு வைக்கும் பொறி ஒன்று உண்டு, அதை நான் மிகத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். பழக்கத்தைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? சாயங்காலம் பிஸ்கட் சாப்பிடுவேன். சின்ன வயசுல நிறைய சாப்பிடுவேன். நாளைக்குச் சாப்பிடுவேன். மூன்றுக்கும் ஒரே 'சாப்பிடுவேன்'. எதிர்காலம் என்று இலக்கணத்தில் படித்த அந்த 'வேன்' தான் இன்றைய பழக்கத்தையும் சுமக்கிறது, பழைய பழக்கத்தையும் சுமக்கிறது. ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று வழி. இன்றைய பழக்கத்துக்கு வெறும் 'ஐ ஈட்', விட்டுப்போன பழக்கத்துக்கு 'ஐ யூஸ்ட் டு ஈட்', நாளைக்குத்தான் 'ஐ வில் ஈட்'. நம் ஆட்கள் மூன்றுக்கும் வில் போடுவார்கள். "இன் த ஈவினிங் ஐ வில் ஈட் பிஸ்கட்ஸ்" என்றால் கேட்கிறவருக்கு, இன்று சாயங்காலம் பிஸ்கட் சாப்பிடப் போவதாக நீங்கள் அறிவிப்பது போல இருக்கும். பல வருஷம் இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்தேன். கவனக்குறைவு இல்லை அது, தமிழ் சரியாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். இதை விளக்கிச் சொன்ன நாளிலிருந்து அந்தப் பிழை சட்டென்று குறைந்தது. ஸ்நாக்ஸ் தலைப்பு இதற்கு நல்ல உரைகல், ஏனென்றால் சின்ன வயசுக் கேள்வியும் இப்போதைய கேள்வியும் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

அப்புறம் அந்த ஸ்நாக்ஸ் என்ற சொல்லே. நாம் அதைப் பன்மையாகவே கடன் வாங்கிவிட்டோம், ஒன்றென்றாலும் ஸ்நாக்ஸ்தான், சிப்ஸ் மாதிரி. அதனால் "மை ஃபேவரிட் ஸ்நாக்ஸ் இஸ்" என்று ஒருமையும் பன்மையும் மோதிக்கொள்ளும். உச்சரிப்பும் அப்படித்தான், தமிழில் புழங்கி வழவழப்பான சொற்கள்தான் காலை வாருகின்றன. பிஸ்கட் என்பதை ஆங்கிலத்தில் ஏறக்குறைய பிஸ்கிட் என்பார்கள், சாக்லேட்டின் வாலில் 'லேட்' கிடையாது, லிட் மாதிரி முடியும். பொய் சொல்லப் போய் மாட்டுவது ஆல்மண்டில், பலர் அந்த 'ல்'லைச் சொல்வதே இல்லை, ஆமண்ட்தான். தெரியாத சொல்லைப் பயந்து பயந்து சரியாகச் சொல்லிவிடுகிறோம், தெரிந்த சொல்லில்தான் வழுக்குகிறோம். இதற்காகவெல்லாம் மார்க் கொத்தாகப் போய்விடாது, சொல்வது புரிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனாலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு பேசுகிற நான் எப்படி என்று கேட்டால், ஒரு ரெக்கார்டிங் இருக்கிறது. வகுப்பில் சில நாள் இடம் மாறி உட்காருவோம், அவர்கள் கேட்பார்கள், நான் பதில் சொல்வேன். அன்று ஒருவர் ஸ்நாக்ஸ் கேள்வியை எடுத்தார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் "டு பி ஆனஸ்ட், ஐ டோன்ட் ரியலி ஸ்நாக்" என்றேன், அதற்கு மேல் இரண்டு நிமிஷம் சர்க்கரையைக் குறைப்பது பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் வேறு. ராத்திரி மார்க் போட உட்கார்ந்தேன். போனை இடையில் நிறுத்த மறந்திருக்கிறேன், ஒருவர் போய் அடுத்தவர் வரும் இடைவெளிகளும் பதிவாகியிருந்தன. கதவு சாத்தும் சத்தம், மேசை டிராயர் இழுக்கும் கிரீச், பாக்கெட் சரசரப்பு, ஒரு கடி, டிராயர் மூடும் சத்தம், "கம் இன் ப்ளீஸ்". நாலு இடைவெளி, நாலு தடவை டிராயர். கடைசி தடவை "கம் இன் ப்ளீஸ்" வாய் நிறைந்து வந்தது. அந்த நாலுக்கும் பிறகு கணீரென்று என் குரல், ஐ டோன்ட் ரியலி ஸ்நாக்.

டு பி ஆனஸ்ட் என்று ஆரம்பித்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இலக்கணத்துக்கு முழு மார்க் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பதிலில் கேட்க ஒன்றுமே இல்லை, யார் வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். அந்தக் கிரீச் சத்தம் மட்டும்தான் நான்.

அதை அடுத்த நாள் வகுப்பில் போட்டுக் காட்டினேன். டிராயர் சத்தத்துக்குச் சிரித்தார்கள், பிரசங்கத்துக்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அன்று கேள்வி கேட்டபோது பாதாம் ஒரே ஒருவர்தான் சொன்னார், அவரிடம் விசாரித்ததில் அவர் நிஜமாகவே சாப்பிடுகிறார், ராத்திரி ஊறவைத்துக் காலையில் தோலை உரித்து, அந்தத் தோல் ஒட்டிக்கொண்ட விரலோடு பஸ் பிடிப்பாராம். எழுந்து மன்னிப்புக் கேட்டேன்.

அந்த நர்ஸ் மூன்றாவது தடவை தேர்வுக்குப் போன அன்று வெளியே வந்ததும் ஒரு மெசேஜ் அனுப்பினார். "ஸ்நாக்ஸ் வரல சார். தூக்கத்தப் பத்திக் கேட்டாங்க. பிஸ்கட்டயும் பெல்லயும் அதுலயே சொல்லிட்டேன்."