கழுத்துக் கோடு

"நீங்களே போட்டுடுங்க மிஸ்."

ஏழு வயதுப் பையன் பென்சிலை என் பக்கம் நீட்டிச் சொன்னது. கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. கடையில் சில்லறை நீட்டுகிற மாதிரி நீட்டினான். மூன்று மாதமாக அந்தக் குரல் வகுப்பு முடிந்து என்னோடு வீட்டுக்கு வருகிறது. அன்றைக்கு வரையச் சொன்னது கிளி. ஆனால் விஷயம் அதற்கு முந்தின ஞாயிறே, டிராகன் வரைந்த அன்றே நடந்துவிட்டது.

கார்ட்டூன் டிராகன் சொல்லிக்கொடுக்க சுலபமான படம். மேலே பெரிய வட்டம், அது தலை. கொஞ்சம் தள்ளிக் கீழே ஒரு முட்டை, அது உடம்பு. இரண்டையும் வளைவான இரண்டு கோடுகளால் சேர்த்தால் கழுத்து வந்துவிடும். மிளகாய் மாதிரி வால், முதுகில் வரிசையாக முக்கோணம், வயிற்றில் குறுக்குக் கோடுகள். தலையை உடம்பளவுக்குப் பெரிதாக்கி, கண்ணையும் பெரிதாக வைத்தால் பயங்கர மிருகம் குட்டியாகிவிடும். பிள்ளைகளுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எல்லாவற்றையும் முதலில் லேசாகப் போட வேண்டும். அப்புறம் வேண்டாத கோடுகளை அழித்துவிட்டு ஸ்கெட்ச் பென்னால் வெளிக்கோடு.

அந்த 'லேசாக' அவனுக்கு வரவில்லை. "லேசா போட்டா தெரியல மிஸ்" என்றான். அவன் அழுத்திய அழுத்தத்தில் தாளின் பின்பக்கம்கூடத் தடம் எழும்பியிருந்தது. ரப்பரால் தேய்த்தால் கருப்புதான் பரவியது. தலைக்கும் உடம்புக்கும் நடுவில் கழுத்தென்று ஒரே ஒரு குச்சி. வயிற்றோரமாக, கட்டைவிரல் அளவில் விசிறி மாதிரி ஏதோ ஒன்று.

"இது என்னப்பா?"

"செட்டை மிஸ்."

கடலோரத் தேவனாம்பட்டினத்துப் பிள்ளை. மீனுக்கும் செட்டை, பறவைக்கும் செட்டை, அந்த ஒரு சொல்லே போதும். "டிராகனுக்கு இறக்கை தோள்ல இருக்கும், வௌவால் மாதிரி பெரிசா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவன் கையிலிருந்து பென்சிலை வாங்கினேன். செட்டையை அழித்தேன், கழுத்தை வளைத்தேன், இறக்கை போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்தாறு பிள்ளைகள், ஒரு மணி நேரம், வாசலில் அம்மாக்கள் வந்தாயிற்று. பிள்ளை வெறும் குச்சிக் கழுத்தோடு வெளியே போனால், "இத்தனை நாளா என்னதான் சொல்லித் தர்றீங்க?" என்ற கேள்வி என்னிடம்தான் வரும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. கழுத்து நிஜமாகவே சேரவில்லை. அதைச் சரி செய்யத்தானே நான் இருக்கிறேன்?

அவன் அம்மா தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நீயாடா போட்ட?" என்றார். பையன் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன். "அவனேதாங்க போட்டான். கழுத்து மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்தேன்."

திரும்பத் திரும்ப இந்த இடத்துக்குத்தான் வருகிறேன். பென்சிலை வாங்கியதைவிட இதுதான் உறுத்துகிறது. அவனை உயர்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவன் முன்னாலேயே பொய் சொன்னேன். இறக்கை என்னுடையது என்று அவனுக்குத் தெரியும். தாளின் மூலையில் அவன் பெயர் இருந்தது.

அந்தச் செட்டை தப்பா என்று பிறகு நிறைய யோசித்தேன். கொடுவா மீனின் முதுகுச் செட்டையை விரித்தால் வரிசையாக முள், நடுவில் சவ்வு. வௌவால் இறக்கையும் நீண்ட விரல்களுக்கு நடுவே விரிந்த தோல்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஒரு பறக்கும் ஓணான் இருக்கிறது. அதன் விலா எலும்புகள் பக்கவாட்டில் நீண்டு, தோல் அதன்மேல் விரிந்து, மரத்துக்கு மரம் மிதந்து போகும். அந்த இறக்கை இருப்பது வயிற்றோரத்தில். அதன் அறிவியல் பெயரே டிராக்கோ. சீன டிராகனுக்குப் பெரும்பாலும் இறக்கையே கிடையாது, அது தண்ணீருக்கும் மழைக்கும் உரியது. கார்ட்டூன் என்று பார்த்தாலும், பெரிய தலைக்குச் சின்ன இறக்கைதான் அழகு. எந்தப் பக்கம் போனாலும் நான் அழித்ததற்கு நியாயம் கிடைக்கவில்லை.

அதே சமயம், அவன் இதையெல்லாம் நினைத்துப் போட்டான் என்றும் சொல்ல மாட்டேன். இடம் இருந்த பக்கம் போட்டிருப்பான். நான்தான் இப்போது உட்கார்ந்து அவன் கோட்டுக்கு அர்த்தம் சேர்க்கிறேனோ என்னவோ.

எனக்குச் சிக்குக் கோலம் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஆயா. என் விரலைத் தன் விரலுக்குள் வைத்து, புள்ளியைச் சுற்றி மாவை இழுப்பார். கை பிடித்துச் சொல்லிக்கொடுத்ததால் நான் கெட்டுப்போகவில்லை. வளைவு எப்படித் திரும்பும் என்று இன்றும் என் மணிக்கட்டுக்குத் தெரிகிறது என்றால் அது அந்தப் பிடிதான். அதனால் பிள்ளையின் தாளைத் தொடவே கூடாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஆயா போட்டு முடித்ததும் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "இப்ப நீ போடு" என்பார். நான் போட்ட கோணல் கோலம்தான் அன்றைக்கு வாசலில் கிடக்கும், தெருவே பார்க்கும்.

அவனுக்கு அந்த இரண்டாவது தடவை கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு கிளிக்குப் போய்விட்டோம். கிளிக்கும் ஒரு வட்டம், ஒரு முட்டை. இரண்டையும் போட்டுவிட்டு, சேர்க்க வேண்டிய இடம் வந்ததும் பென்சிலை நீட்டினான்.

இப்போது தனித் தாளில் வரைந்து காட்டுகிறேன், பிள்ளைகள் தாளில் கை வைப்பதில்லை. மற்றவர்களிடம் இது நன்றாகவே நடக்கிறது. அவன் மட்டும் வட்டத்தையும் முட்டையையும் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். "நீயே போடுப்பா, கோணலா வந்தா பரவாயில்ல" என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டுவான், கோடு மட்டும் வராது. வட்டங்களை இப்போது அவ்வளவு லேசாகப் போடுகிறான், கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது.

போன வாரம் அவன் அம்மா சீக்கிரமே வந்து வாசலில் நின்றார். அவன் பென்சிலை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.