குக்கர் சண்டையில ஆரம்பிச்ச கவுன்சலிங்

எனக்கும் என் பார்ட்னருக்கும் நடந்த பெரிய சண்டை, ஊறப்போட்ட குக்கர யாரு கழுவுறதுன்னுதான் ஆரம்பிச்சது. சிரிக்காதீங்க, அது முடியறப்ப ராத்திரி ரெண்டு மணி, அவ ஹால்ல பாய் விரிச்சு படுத்துட்டா, நான் ரூம் கதவ சாத்திட்டு அழுதுட்டு இருந்தேன். நாங்க ரெண்டு பேருமே பொண்ணுங்க. வேளச்சேரில ஆறு வருஷமா ஒண்ணா இருக்கோம், ஹவுஸ் ஓனர பொறுத்தவரைக்கும் அக்கா தங்கச்சி பசங்க. மத்தவங்க வீட்ல இப்படி முத்திப்போச்சுன்னா மாமாவோ அத்தையோ வந்து உக்காந்து பஞ்சாயத்து பண்ணுவாங்க, எங்களுக்கு யாரு வருவா? அதான் கவுன்சலிங்னு முடிவு பண்ணோம்.

முதல்ல போன எடத்த சுருக்கமா சொல்லிடறேன். "எப்பலருந்து இப்படி", "சின்ன வயசுல ஏதாச்சும் நடந்துச்சா", அப்புறம் "உங்கள்ல யாரு ஆம்பள மாதிரி". குக்கர் பத்தி ஒரு வார்த்த கேக்கல. கிளம்பும்போது ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமேன்னு வேற சொன்னாங்க. என் பார்ட்னர் வக்கீல் ஆபீஸ்ல வேல பாக்குறவ, ஆட்டோல வர்ற வழியெல்லாம் ஒரே திட்டு. 1990லயே உலக சுகாதார நிறுவனம் இத நோய்ப் பட்டியல்லருந்து தூக்கிடுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட் குத்தமே இல்லன்னுடுச்சு, 2021ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் மாத்தறேன்னு யாரும் ட்ரீட்மென்ட் பண்ணக்கூடாதுன்னுடுச்சு, அந்த கேஸ்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இது சரியா புரியலன்னு சொல்லி ஒரு சைக்காலஜிஸ்ட் கிட்ட போய் உக்காந்து கேட்டுக்கிட்டாரு, ஜட்ஜே கத்துக்கிட்டாரு இவங்களுக்கு என்னடி கேடுன்னு கத்தறா, ஆட்டோக்காரர் கண்ணாடில பாக்கறாரு. ரொம்ப நாள் கழிச்சு ரெண்டு பேருக்கும் ஒரே ஆள் மேல கோவம் வந்துச்சு. குடுத்த ஃபீஸ் அதுக்கே சரியாப்போச்சு.

அடுத்த தடவ உஷாராயிட்டோம். புக் பண்றதுக்கு முன்னாடியே வாட்ஸப்ல கேட்டுட்டோம், எங்கள மாதிரி ஜோடிங்கள பாத்திருக்கீங்களா, என்ன படிச்சிருக்கீங்க, வீட்டுக்கு தகவல் போகுமான்னு. தயங்காம பதில் வந்துச்சு: க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்சிஐ (இவங்கள பதிவு பண்ற இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு நம்பர் இதுன்னு. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் ஒருத்தர்கிட்ட சொல்வேன், அந்த ஒருத்தர் யாருன்னு நீங்களே எழுதிக் குடுங்கன்னாங்க. ஃபார்ம்ல கணவர் பேர், தகப்பனார் பேர் எதுவும் இல்ல. "உங்கள எப்படி கூப்பிடணும்"னு ஒரு கேள்வி, "ஃபோன வேற யாராவது எடுத்தா நாங்க யாருன்னு சொல்லணும்"னு இன்னொன்னு. பல் டாக்டர் கிளினிக்னு சொல்லுங்கன்னு எழுதினேன்.

முதல் செஷன் ரெண்டு பேரும் சேந்து, அடுத்தது ஆளுக்கொண்ணு தனியா, அப்புறம் மறுபடி சேந்து. தனியா பேசுறது ரகசியம் பூட்டி வைக்கிற பீரோ இல்லன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. நான் அத காதுல வாங்கல. தனி செஷன்ல உளறிட்டேன்: தீபாவளிக்கு ஊருக்கு போனப்ப என்ன பொண்ணு பாக்க வந்தாங்க, நான் காபி தட்டோட போய் நின்னேன், இவகிட்ட இன்னும் சொல்லல. அவங்க முகம் மாறவே இல்ல. "இத நான் அவங்ககிட்ட சொல்ல மாட்டேன், ஆனா தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி உங்க ரெண்டு பேரையும் உக்காரவச்சு பேசவும் என்னால முடியாது"ன்னாங்க. சொல்றதுக்கு ரெண்டு வாரம் டைம், எப்படி சொல்றதுன்னு பேசிப் பழக இன்னொரு தனி செஷன். நான் "அம்மாதான்..."னு ஆரம்பிச்சேன். "அம்மா அப்புறம் வரட்டும், நீங்க என்ன பண்ணீங்க?"

சொன்னேன். அவ ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் "என்ன புடவ கட்டியிருந்த"ன்னா. அவ போனஸ்ல வாங்கிக் குடுத்த மாம்பழக்கலர் புடவ. அதுக்கு மேல அந்த செஷன்ல வேற எதுவும் நடக்கல.

வீட்ல சொல்லிடுங்கன்னு கவுன்சலர் ஒரு தடவகூட சொல்லல, சொல்லாதீங்கன்னும் சொல்லல. சொன்னா அன்னைக்கு ராத்திரி எங்க தங்குவீங்க, கையில எவ்வளவு காசு இருக்கும், இதத்தான் கேட்டாங்க.

குக்கருக்கு வரேன். நாலாவது சேந்த செஷன்ல திடீர்னு ஒரு கேள்வி: "ரெண்டு பேர் வீட்லயும் சமையக்கட்டுக்குள்ள யார் யார் வரலாம்?" எங்க வீட்ல பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வருவாங்க, பின்பக்க வாசல் வழியா, அவங்களுக்குன்னு தனி டம்ளர் ஜன்னல்ல இருக்கும். நான் இத சாதாரணமா, வெயில் அடிச்சதுன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டேன். என் பார்ட்னரோட அம்மா அந்த மாதிரி வீடுகள்ல வேல பாத்து இவள படிக்க வச்சவங்க. எனக்கு தெரியும், ஆறு வருஷமா தெரியும், ஆனா நான் பாட்டுக்கு குக்கர சிங்க்ல போட்டுட்டு லேப்டாப்ப தூக்கிட்டு போறப்ப அவளுக்கு என்ன தெரியும்னு ஒரு நாளும் யோசிக்கல. ரெண்டு பொண்ணுங்கன்றதுதான் எங்க பிரச்சினைன்னு நாங்களே நம்பிட்டுப் போனோம், வந்து நின்னது அந்த டம்ளர். சாதி பத்தி கேக்கத் தெரியாத கவுன்சலர்கிட்ட இது வெளிய வந்திருக்காது.

செலவு விவரம் கேக்கறவங்களுக்கு: சேந்து உக்காந்தா 80 நிமிஷம், 2500 ரூபா, தனியா 1500. அவளுக்கு பேனிக் அட்டாக் வரும், அதுக்கு வேற ஒரு தெரபிஸ்ட்கிட்ட அனுப்பிட்டாங்க, ரெண்டையும் ஒரே ஆள் பாத்தா நியாயமா இருக்காதாம். இன்னொன்னும் சொன்னாங்க, 2017 மனநலச் சட்டப்படி நமக்கு சிகிச்சை விஷயத்துல துணை நிக்க ஒருத்தர நாமளே நியமிச்சுக்கலாம், சொந்தக்காரங்களா இருக்கணும்னு இல்ல, வெள்ளத் தாள்ல எழுதி கையெழுத்து போட்டா போதும், அந்த ஆளும் சம்மதம்னு எழுதிக் குடுக்கணும். ரேஷன் கார்டுல இல்ல, வாடகை அக்ரிமென்ட்லகூட என் பேர் மட்டும்தான், ரெண்டு பேர் பேரும் சேந்து இருக்கற முதல் பேப்பர் இதுதான்.

இதுவரைக்கும் 14 செஷன் ஆச்சு. சனிக்கிழமை அடுத்தது, பொங்கலுக்கு நான் ஊருக்கு போறதா வேணாமான்னு பேசணும். புடவ விஷயத்த அவ இன்னும் விடல.